அனுப்பிய பணம் எப்பொழுது போய்ச் சேரும்?

சனிக்கிழமை மாலை. ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகின்றது. "தம்பி, அம்மாவைப் பாளையங்கோட்டையிலே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். முன்பணம் கட்டச் சொல்லுகிறார்கள்" என்கிறார் மூத்த சகோதரி. ஐதராபாத்தில் வேலை செய்யும் தம்பி, தாமதமின்றித் தன் கணக்கிலிருந்து சகோதரியின் கணக்கிற்குப் பணத்தை அனுப்புகிறார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அழைப்பு: "பணம் இன்னும் வரவில்லையே, தம்பி!" இவருடைய கணக்கில் பணம் கழிந்துவிட்டது, அங்கேயோ சேரவில்லை. அப்படியானால் அந்தப் பணம் எங்கே இருக்கின்றது?

பிழைப்பை நாடி நகரத்திற்கு வந்த நம் குடும்பங்களில் இந்தக் கலக்கத்தை அறியாதவர் சிலரே. ஆனால் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குச் செல்லும் பணத்திற்கு, அது சேர வேண்டிய காலவரையறை உண்டு. அதை அறிந்திருப்பவர் வீணாகக் கலங்கமாட்டார். கேட்கவேண்டிய வேளையில் கேட்கவும் தயங்கமாட்டார்.

நம் நகரத்தில் உருவான பாதை

முற்காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்ப மணியார்டரே துணை. இந்திய அஞ்சல் துறை அதை 1880-இல் தொடங்கியது. தபால்காரர் வாசலில் வந்து நிற்கும்வரை வீட்டார் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பெருந்தொகையானால் வங்கியில் டிராப்ட் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, அது அங்கே கணக்கில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த நிலை மாறுவதற்கு அடித்தளமான பணிகளில் முக்கியமானவை நம் ஐதராபாத்திலேயே நடந்தன. ரிசர்வ் வங்கி 1996-இல் மாசாப் டேங்க் பகுதியில் ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தியது. வங்கிகளைத் தங்களுக்குள் இணைக்கும் இன்ஃபினெட் என்னும் வலைப்பின்னலை அந்நிறுவனம் 1999-இல் அமைத்தது. ஒரு வங்கியின் பணச் செய்தியை மற்றொரு வங்கிக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் முறையையும் 2001-இல் உருவாக்கியது. 2004 மார்ச்சில் தொடங்கிய ஆர்.டி.ஜி.எஸ்., 2005 நவம்பரில் தொடங்கிய நெஃப்ட் ஆகிய சேவைகளின் செய்திகள் இந்தப் பாதையிலேயே பயணம் செய்தன.

எந்த வழிக்கு எவ்வளவு நேரம்?

நெஃப்ட் என்பது நேரம் குறித்துப் புறப்படும் பேருந்தைப் போன்றது. அரை மணிக்கு ஒன்றாக நாளொன்றுக்கு 48 தொகுதிகள் புறப்படுகின்றன. நாம் அனுப்பிய பணம் அடுத்த தொகுதியில் ஏறும். அந்தத் தொகுதி முடிந்த 2 மணி நேரத்திற்குள் பெறுகிறவரின் வங்கி அதைக் கணக்கில் வரவு வைக்கவேண்டும், அல்லது திருப்பி அனுப்பவேண்டும். ஆகவே அரை மணி நேரத்தில் வரவில்லை என்பதனால் பணம் தொலைந்துவிட்டதாக எண்ணலாகாது. முன்னர் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்தச் சேவை இல்லை. 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் நடைபெறுகின்றது.

ஆர்.டி.ஜி.எஸ். என்பது தனி வாகனம் போன்றது. 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் இதில் அனுப்பலாம். செய்தி கிடைத்த 30 நிமிடத்திற்குள் பெறும் வங்கி வரவு வைக்கவேண்டும். 2020 டிசம்பர் 14 முதல் இதுவும் இரவு பகல் இயங்குகின்றது.

2010-இல் வந்த ஐ.எம்.பி.எஸ்., 2016-இல் வந்த யு.பி.ஐ. ஆகியவற்றில் பணம் பெரும்பாலும் சில நொடிகளில் சேர்ந்துவிடும். ஆஸ்பத்திரி போன்ற அவசரங்களுக்கு இவையே ஏற்றவை. ஐ.எம்.பி.எஸ். முறையில் ஒரு தடவைக்கு 5 லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம். சில வங்கிகள் இதற்கும் குறைவாக வரம்பு வைத்திருக்கும். யு.பி.ஐ. மூலம் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் வரம்பு பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய்.

தாமதமானால் செய்ய வேண்டியது

முதலாவது, பதற்றத்தில் இரண்டாம் முறை அனுப்பிவிடக்கூடாது. நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். முந்தினதும் பின்பு போய்ச் சேரக்கூடும்.

இரண்டாவது, ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் இதை யு.டி.ஆர். எண் என்பார்கள். அதைச் சொல்லிக் கேட்டால் பணம் எங்கே நிற்கின்றது என்பதை வங்கியார் தேடிக் கண்டறியக்கூடும்.

மூன்றாவது, உங்கள் உரிமையை அறிந்திருங்கள். நெஃப்ட் பணத்தை உரிய நேரத்தில் வரவு வைக்காமலும் திருப்பாமலும் தாமதித்த வங்கி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தரவேண்டும். ஐ.எம்.பி.எஸ்., யு.பி.ஐ. முறையில் பணம் கழிந்தும் மற்றவருக்குச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு உண்டு. இவ்விதி 2019 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலம் முறையிட்டும் வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

விரைவின் மறுபக்கம்

விரைந்து செல்லும் பணம் தவறான இடத்திற்கும் அதே விரைவில் சென்றுவிடும். நெஃப்ட் முறையில் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்து வரவு வைக்கிறார்கள். பெயரை நாம் சரியாக எழுதியிருந்தும் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அந்நியர் கணக்கில் சேரக்கூடும். அதைப் பெற்றவர் இசையாமல் மீட்பது கடினம். இதனாலேயே, அனுப்புமுன் கணக்கு உரியவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அந்தப் பெயரை வாசித்த பின்னரே பொத்தானை அழுத்துங்கள். வஞ்சகர் கையில் பணம் போய்விட்டதென்று தெரிந்தால், ஒரு கணமும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

புதிய கணக்கொன்றைச் சேர்த்தவுடன், முதல் சில மணி நேரங்களுக்குப் பல வங்கிகள் சிறு தொகையையே அனுமதிக்கின்றன. அவசரத்தில் இது பெரிய தடையாக நிற்கும். ஆகவே, அருமையான வாசகர்களே, ஆபத்து நேரிடும்வரை காத்திராதிருங்கள். ஊரிலுள்ள பெற்றோர், உடன்பிறந்தோர் கணக்குகளை இந்த வாரமே உங்கள் வங்கியில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றிற்கும் ஒரு ரூபாய் அனுப்பி, "வந்ததா அம்மா?" என்று தொலைபேசியில் கேளுங்கள். வந்தது என்ற பதில் கிடைத்தால், பாதை சரியாயிருக்கிறது என்று அறிவீர்கள். தாயின் குரலையும் கேட்டதாயிருக்கும்.