மின்னஞ்சலில் நெல்லும் பதரும்

ஓலையில் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பிய காலம் போய், அஞ்சலட்டை வந்தது. அஞ்சலட்டையின் காலமும் குறுகி, இன்று மின்னஞ்சல் நம் கைப்பேசிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் கடல் கடந்து செல்லும் இம்மடல்களோடு, நாம் வேண்டாத மடல்களும் நாள்தோறும் வந்து குவிகின்றன. பரிசு விழுந்ததாகக் கூறும் மடல், கடன் தருவதாக அழைக்கும் மடல், வங்கியின் பெயரைச் சூடி மறைச்சொல்லைக் கேட்கும் மடல் எனப் பலவகைப்படும் இவற்றைக் குப்பை மடல்கள் என்கிறோம். ஆங்கிலத்தார் 'ஸ்பேம்' என்பர். இவற்றைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி மென்பொருள் எங்ஙனம் இயங்குகிறது என்பதையும், அதனிடம் நாம் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றமும் பெயரும்

இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் வலையமைப்பில், 1978ஆம் ஆண்டு மே மாதம், கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவைச் சார்ந்த கேரி துர்க் என்பார், ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கேளாமல் வந்த முதல் விளம்பர மின்மடல் இதுவே என்பர். பெற்றோர் பலர் சினந்தனர். 1994ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் அரிசோனா மாநில வழக்கறிஞர் இருவர், குடியேற்ற அட்டைக் குலுக்கல் பற்றிய விளம்பரத்தை யூஸ்நெட்டின் ஆயிரக்கணக்கான உரையாடல் குழுக்களில் ஒருங்கே இட்டனர். அதன்பின் இப்பழக்கம் பெருந்தொழிலாயிற்று.

'ஸ்பேம்' என்பது 1937ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த, தகரக் குவளையில் அடைத்த இறைச்சியின் பெயர். 1970ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவுவிடுதியில் யார் எதைக் கேட்டாலும் அப்பெயரே திரும்பத் திரும்ப ஒலித்துப் பிற பேச்சை மூழ்கடிக்கும். வேண்டாத ஒன்று வேண்டியதை மூழ்கடிக்கும் இத்தன்மை நோக்கியே குப்பை மடலுக்கு இப்பெயர் வாய்த்தது.

இம்மடல்கள் பெருகியதற்குக் காரணம் எளிது. தபாலில் ஆயிரம் கடிதம் அனுப்ப ஆயிரம் அஞ்சல்தலை வேண்டும். மின்னஞ்சலிலோ ஒரு மடலுக்கும் ஓர் இலட்சம் மடலுக்கும் செலவு வேறுபாடு மிகச் சிறிது. இலட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு ஆதாயமே.

வடிகட்டும் முறைகள்

முதல்முறை, அனுப்புநரை நோக்குவது. குப்பை அனுப்பும் கணினிகளின் முகவரிகளைத் தொகுத்து, அங்கிருந்து வருவனவற்றை மறுப்பர். மடல் தான் கூறும் முகவரியிலிருந்துதான் உண்மையில் வந்ததா எனச் சரிபார்க்கும் முறைகளும் உள்ளன.

இரண்டாம் முறை, விதிகளால் மதிப்பெண் இடுவது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பேம்அசாசின் என்னும் மென்பொருள், ஐயத்திற்குரிய ஒவ்வொரு கூறுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை 5 ஆனால் அம்மடல் குப்பை எனக் குறிக்கப்படும். இவ்வெல்லையை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை, சொற்களை எண்ணிக் கற்பது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நிகழ்தகவுக் கோட்பாடே இதன் அடிப்படை. 1998ஆம் ஆண்டு ஆய்வாளர் சிலர் இதனைக் குப்பை மடலுக்குப் பொருத்திக் காட்டினர். 2002ஆம் ஆண்டு பால் கிரகாம் எழுதிய கட்டுரை இம்முறையைப் பரவலாக்கியது.

ஒரு சொற்கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் 100 குப்பை மடல்களையும் 100 நல்ல மடல்களையும் பிரித்துக் கொடுக்கிறார் என்று கொள்வோம். 'பரிசு' என்னும் சொல் குப்பையில் 40 மடல்களிலும், நல்லவற்றில் 2 மடல்களிலும் வருகிறது. இனி வரும் மடலில் அச்சொல் இருப்பின், அது குப்பையாகும் வாய்ப்பு 42இல் 40. அதாவது ஏறத்தாழ 95 விழுக்காடு. அதே மடலில் 'தேர்வு' என்னும் சொல்லும் உள்ளது. அது குப்பையில் 3 மடல்களிலும் நல்லவற்றில் 27 மடல்களிலும் வந்தது எனின், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வாய்ப்பு 69 விழுக்காடாகக் குறையும். குப்பையில் 1 மடலிலும் நல்லவற்றில் 20 மடல்களிலும் வந்த 'துறைத்தலைவர்' என்னும் சொல்லும் சேர்ந்தால், அது 10 விழுக்காடாகிவிடும். ஒரு சொல்லைக் கொண்டு தீர்ப்புரையாமல், எல்லாச் சொற்களின் சான்றையும் கேட்டு முடிவு செய்வதே இம்முறையின் சிறப்பாகும்.

இக்கணக்கு, சொற்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறது. அது உண்மையன்று என்பதை மொழி பயில்வோர் அறிவர். 'பரிசு' வந்தால் 'வென்றார்' அருகில் நிற்கும். ஆயினும் இக்கருவி நடைமுறையில் நன்கு பயன்படுகிறது. இன்றைய பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் இவற்றோடு, பயனர் பலரும் தரும் குறிப்புகளிலிருந்து இயந்திரமே கற்கும் முறைகளையும் இணைத்துக் கையாளுகின்றன.

தமிழ் மடல்கள்

தமிழ்த்துறையினர் நோக்கத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசினால் என நம் சொற்கள் வேற்றுமை உருபேற்று விரிகின்றன. இடைவெளியை மட்டும் நோக்கிச் சொல்லைப் பிரிக்கும் மென்பொருள், இவற்றை நான்கு வெவ்வேறு சொற்களாகவே எண்ணும். பகுதியையும் விகுதியையும் பிரித்தறியும் இலக்கண அறிவு அதற்கு ஊட்டப்பட்டாலன்றிக் கணக்குச் சிதறும். மேலும் ஆங்கிலத்தில் 'ஓ' என்னும் எழுத்துக்கு மாற்றாகச் சுழியத்தை இட்டு வடிகட்டியை ஏய்ப்பது பழைய உத்தி. 'க' எழுத்தைப் போன்றே தோன்றும் '௧' என்னும் தமிழ் எண் இருத்தலால், நம் மொழியிலும் அதற்கு இடமுண்டு. நன்னூல் கற்ற மாணவருக்கும் கணினித் துறையில் பணி காத்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

இருவகைப் பிழை

வடிகட்டி இருவகையில் தவறும். பதர் நெல்லோடு கலப்பது ஒன்று. நெல் பதரோடு பறந்துபோவது மற்றொன்று. முன்னதனால் நமக்கு நேர்வது சலிப்பு. பின்னதனால் நேர்வது இழப்பு. இதனை உணர்ந்தே கிரகாம், தம் கணக்கில் நல்ல மடல்களில் வரும் சொல்லின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி எடுத்துக்கொண்டார்.

இவ்விழப்பை நான் கண்ணாரக் கண்டேன். முதுகலை முடித்த எங்கள் மாணவர் ஒருவர், ஆய்வுப் படிப்பிற்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் அழைப்புக்காகக் காத்திருந்தார். கடிதமே வரவில்லை என்று வருந்தி ஒருநாள் என்னிடம் வந்தார். குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கடன் விளம்பரங்கள் இரண்டிற்கு நடுவே அழைப்பு கிடந்தது. மூன்று வாரங்களுக்கு முன் வந்தது. நேர்காணல் நடந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஓராண்டு வீணாயிற்று. தொழிலாளியாகிய அவர் தந்தைக்கு அந்த ஓராண்டு எளிதன்று.

செய்யத்தக்கன

ஆகவே மாணவர்கள் வாரம் இருமுறையேனும் குப்பைப் பெட்டியைப் பார்த்தல் வேண்டும். ஜிமெயில் அப்பெட்டியிலுள்ளவற்றை 30 நாள்களில் தானே அழித்துவிடும். நல்ல மடல் அங்கே கிடப்பின் 'குப்பை அன்று' எனக் குறித்தல் வேண்டும். அக்குறிப்பே மென்பொருளுக்குப் பாடம். விண்ணப்பித்த நிறுவனத்தின் முகவரியை முன்னரே தொடர்புப் பட்டியலில் சேர்த்துவைத்தல் நலம்.

பெரியோர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டுகிறேன். வடிகட்டியைத் தாண்டி வந்துவிட்டது என்பதனாலேயே ஒரு மடல் உண்மையாகிவிடாது. மறைச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையோ மடல்வழிக் கேட்பவர் எவராயினும் கொடாதீர்கள். ஐயம் எழுந்தால் வங்கிக்கு நேரில் சென்று கேளுங்கள். அறியாதவர் மடலுக்கு, 'இனி அனுப்பாதீர்' என்று மறுமொழி எழுதுவதும் தவறு. இம்முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே அறிவித்ததாகும்.

முறம் எவ்வளவு நன்றாக இருப்பினும், புடைத்தபின் பதரை ஒருமுறை கையால் அளைந்து பார்த்தே நம் தாய்மார் அதனைக் கொட்டுவர். எங்கள் துறையில் இப்போது திங்கள்தோறும் முதற்பாடவேளை தொடங்குமுன், இறுதியாண்டு மாணவர்கள் தத்தம் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்கின்றனர். இரண்டு நிமிடமே ஆகிறது. அவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர், மறு ஆண்டு நேர்காணலில் இடம்பெற்று இன்று ஆய்வு செய்துவரும் அந்த மாணவரே.