டெமோவில் ஓடினால் போதுமா? ஸ்பிரின்ட் ரிவ்யூவில் டெஸ்டரின் வேலை என்ன?

வெள்ளிக்கிழமை ஸ்பிரின்ட் ரிவ்யூ. டெமோவில் எல்லாம் சூப்பரா ஓடுது. டெஸ்டருக்கு மட்டும் தெரியும்: பேமென்ட் பாதியில் நெட் கட்டானால், வாடிக்கையாளர் கணக்கில் பணம் இரண்டு தடவை கழியும். சொல்லலாமா, வேண்டாமா?

சொல்லணும். அதுவும் ரிவ்யூவுக்கு முன்னாடியே. 2020 ஸ்க்ரம் கைடில் டெஸ்டர் என்று தனிப் பொறுப்பு கிடையாது. அவரும் ‘டெவலப்பர்ஸ்’ குழுவில் ஒருவர்தான். எது ‘முடிந்த வேலை’ என்பதற்கு ஒரு வரையறை உண்டு. அதை எட்டாத வேலையை ரிவ்யூவில் காட்டவே கூடாது என்கிறது அந்தக் கைடு.

ரிவ்யூவில் டெஸ்டர் சொல்ல வேண்டியவை மூன்று:

● எதைச் சோதித்தோம்?
● எதைச் சோதிக்கவில்லை?
● தெரிந்தே விட்டுவைத்த பிழை எது?

இது தெரிந்தால்தான், அடுத்து எதை முதலில் செய்வது என்று ப்ராடக்ட் ஓனர் முடிவெடுக்க முடியும்.