ஆர்.வி. ஒயரோடு மல்லுக்கட்ட வேண்டாம்

அமெரிக்காவில் படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள், பாதை, பெட்ரோல், அரிசி, பருப்பு வரை யோசித்துவிடுகிறார்கள். கரண்டை மட்டும் முகாமுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எல்லா முகாமிலும் கரண்ட் கிடைக்காது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் அந்த வசதி உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான்.

வசதி உள்ள இடத்தில், வண்டி நிற்கும் இடத்தை ஒட்டி இடுப்புயரத்தில் ஒரு மின்பெட்டி இருக்கும். பெடஸ்டல் என்பார்கள். அதில் 30 ஆம்பியருக்கு மூன்று ஓட்டை சாக்கெட், 50 ஆம்பியருக்கு நான்கு ஓட்டை சாக்கெட். வித்தியாசம் வெறும் 20 ஆம்பியர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 30 ஆம்பியரில் வருவது 120 வோல்ட் லைன் ஒன்று. மொத்தம் 3,600 வாட். 50 ஆம்பியரில் அதுபோல் இரண்டு லைன், 12,000 வாட். சின்ன இணைப்பில் ஏசி ஓடும்போதே மைக்ரோவேவையும் வாட்டர் ஹீட்டரையும் போட்டால் பிரேக்கர் விழுவதில் ஆச்சரியமில்லை.

பெடஸ்டலிலிருந்து வண்டிக்கு வரும் 50 ஆம்பியர் ஒயர் கட்டைவிரலைவிடப் பருமன். குளிரில் விறைத்துக்கொண்டு மடங்கவே மடங்காது. கொஞ்ச நேரம் வெயிலில் போட்டுவைத்தால் இளகும். சுருட்டும்போது ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போகாமல் எட்டு வடிவில் மடித்துப் போட்டால், மறுநாள் சிக்கல் விழாமல் பிரியும். மீந்த நீளத்தை இறுக்கச் சுருட்டி வண்டிக்கடியில் தள்ளிவிட்டு ஏசியைப் போடுவது பலர் செய்கிற தவறு. சுருளுக்குள் சூடு தேங்கி ஒயர் உருகிப்போகலாம். தரையில் தளர்த்திப் பரப்பிவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. கைப்பிடி வைத்த பிளக்குகள் இருக்கின்றன. மூட்டுவலிக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். எதைச் செருகும் முன்பும், எதைக் கழற்றும் முன்பும் பெடஸ்டலில் பிரேக்கர் ஆஃப் ஆக இருக்க வேண்டும். கிளம்பும்போது முதலில் ஏசியை நிறுத்தி, பிறகு பிரேக்கரை ஆஃப் செய்து, அதன் பிறகு பிளக்கில் கை வையுங்கள். லோடு ஓடும்போது பிடுங்கினால் பொறி பறந்து பின்கள் கருகும். கருகிய பின் சரியாகத் தொடாது. தொடாத இடம் மேலும் சூடாகும்.

இனி சர்ஜ் புரொடெக்டர். விலை குறைந்தவை திடீரென்று பாயும் மிகை மின்னழுத்தத்தை மட்டும்தான் தடுக்கும். முகாம்களில் அடிக்கடி வருகிற தொல்லையோ குறைந்த வோல்டேஜ்: கோடை மதியம் எல்லா வண்டியிலும் ஏசி ஓட, வோல்டேஜ் இறங்கி, கம்ப்ரஸர் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். இ.எம்.எஸ். எனப்படும் கொஞ்சம் விலை கூடிய கருவி, பெரும்பாலும் 104 வோல்ட்டுக்குக் கீழே போனாலோ 132-ஐத் தாண்டினாலோ இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாதது, நியூட்ரல் அறுந்தது, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியது எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். 30 ஆம்பியர் சாக்கெட்டைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று எண்ணி, 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு; அதிலிருந்தும் இது காப்பாற்றும். என்னைக் கேட்டால் வாங்க வேண்டியது இ.எம்.எஸ்.தான்.

முதலில் இந்தக் கருவியை மட்டும் பெடஸ்டலில் செருகி, பிரேக்கரைப் போட்டு, விளக்கைப் பாருங்கள். சரியாக இருந்தால் பிரேக்கரை ஆஃப் செய்து, ஒயரை வண்டியிலும் கருவியிலும் மாட்டி, மறுபடி ஆன். உடனே கரண்ட் வராவிட்டால் பதற வேண்டாம். ஏசியைக் காப்பாற்ற 2 நிமிடத்துக்கும் மேல் காத்திருந்துதான் சில கருவிகள் கரண்டை உள்ளே விடும். கருவியின் கனமும் ஒயரின் கனமும் சாக்கெட்டில் தொங்காதபடி அடியில் முட்டுக் கொடுங்கள். தொங்கினால் பிடி தளரும். அரை மணி நேரம் கழித்து பிளக்கின் மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை சுட்டால் ஏசியை நிறுத்துங்கள்.

கருவி பிழை காட்டினால், இந்த ஒரு ராத்திரிதானே என்று அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டாதீர்கள். முகாம் அலுவலகத்துக்குப் போய் வேறு இடம் கேளுங்கள்.