மாருதி 800 வகைகளை இனங்காணல்

மாருதி 800 என்பது 1983 டிசம்பர் முதல் 2014 சனவரி வரை அரியானாவின் குர்கானில் உற்பத்தி செய்யப்பட்ட சிறு தானுந்து ஆகும். சப்பானின் சுசூக்கி நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவிய இது, மூன்று உருளைகளும் 796 கன செ.மீ. கொள்ளளவும் உடைய பொறியைக் கொண்டது. புற உருவம் பெரிதும் மாறாததால், எந்த வகை என்பதைப் பலர் பின்கதவில் ஒட்டிய எழுத்தைக் கொண்டே முடிவு செய்கின்றனர். அவ்வெழுத்து உதிரிப்பாகக் கடைகளில் கிடைப்பதாகும். சாதாரண வகையைக் குளிர்சாதன வகையின் விலைக்கு வாங்கி ஏமாறுவது இதனாலேயே நேர்கிறது.

தலைமுறைகள்

1983இல் வந்த முதல் உருவம் பெட்டி போன்றது. 1986இல் வளைவான உடலமைப்பு வந்தது. 1997இல் முன்பகுதி சற்றே திருத்தப்பட்டது.

பொறியும் கியரும்

தொடக்கத்தில் கார்புரேட்டரே இருந்தது. எரிபொருளைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் தொட்டியிலிருந்து மெல்லிய இரைச்சல் சில நொடிகள் கேட்டால் அது எம்.பி.எஃப்.ஐ. வகையாகும். அக்காலத்திலேயே 12 வால்வுகளும் ஐந்து கியர்களும் கொண்ட வகை சில ஆண்டுகள் விற்கப்பட்டது. மற்றவற்றில் கியர் நான்கே. கியர்க் குமிழில் பொறித்த எண்ணை நம்பலாகாது, குமிழ் எளிதில் கழன்றுவிடும். ஓட்டிப் பார்த்து ஐந்தாம் கியர் விழுகிறதா என அறிவதே உறுதி.

குளிர்சாதனம்

தொழிற்சாலையில் பொருத்தியதா, பின்னர் பொருத்தியதா என்பதே இங்குக் கடினமான கேள்வி. தொழிற்சாலைப் பொருத்தத்தில் குளிர்சாதனக் கம்பிகள் வண்டியின் மூலக் கம்பிக்கட்டோடு சேர்ந்தே செல்லும். பொத்தானும் முன்பலகையின் ஓர் உறுப்பாகவே அமைந்திருக்கும். வெட்டி இணைத்து நாடா சுற்றிய கம்பியும், முன்பலகைக்குக் கீழே தொங்கும் தனிப்பெட்டியும் பிற்காலப் பொருத்தத்தைக் காட்டும். பிற்காலப் பொருத்தம் குற்றமன்று, விலைதான் வேறு.

பதிவுச் சான்று

திருவண்ணாமலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டி.என். 25 ஆகும். பதிவெண் வகையைக் கூறாது. சான்றில் உள்ள மாதிரிப் பெயர், உற்பத்தி மாதம், அடிச்சட்ட எண், பொறி எண் ஆகியவையே கூறும். 2010 ஏப்ரலில் பாரத் நிலை நான்கு மாசு விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது அங்கு இவ்வண்டியின் விற்பனை நின்றது. ஏனைய ஊர்களில் 2014 வரை தொடர்ந்தது. ஆகவே கடைசிக் கால வண்டிகளைத் திருவண்ணாமலை போன்ற ஊர்களின் பதிவெண்களிலேயே தேட வேண்டும்.

பொறியில் பொறித்த எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் வேறுபட்டால் பெயர் மாற்றம் தடைபடும். எரிவாயுக் கலன் பொருத்தியிருந்தால் அதுவும் சான்றில் பதியப்பட்டிருக்க வேண்டும். தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதாலும், அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகே ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும் என்பதாலும், முன்பணம் கொடுக்குமுன் இவ்வெண்களை ஒப்பிட்டுவிடுதல் நலம்.