பேட்ஜுக்குள் இருந்த கற்பூரம்

திருவிடந்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2022இல் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அவர் மகன் ஆறாம் வகுப்பு. குதிரை முகமும் வேட்டி சட்டையுமாகத் ‘தம்பி’ நிற்கும் பேட்ஜைக் குத்திக்கொண்டு, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை போட்டி நடந்த நாளெல்லாம் திரிந்தானாம். இப்போது எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கத் துரு. தம்பியின் வேட்டியில் காபி சிந்தியதுபோல் பழுப்புக் கறை. “கழுவினால் போகுமா?” என்று கேட்கிறார்.

தயவுசெய்து கழுவாதீர்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் காரணம் புரிந்துவிடும்.

லேசாகக் குவிந்த தகடு, அதன்மேல் அச்சிட்ட காகிதம், அதற்கும் மேல் கண்ணாடிபோல் ஒரு படலம். கையால் அழுத்தும் மெஷினில் இரண்டே அழுத்து. முதல் அழுத்தில் மூன்றும் ஒன்றாகச் சேரும். இரண்டாவதில் விளிம்பு பின்னால் மடிந்து, ஊசி பொருத்திய அடித்தகடு அதைக் கவ்விக்கொள்ளும். பசை ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ஊறுகாய் ஜாடியின் வாயில் என் அம்மா வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்; நடுவில் ஒரு சுருக்கம் இருக்காது. பேட்ஜின் பளபளப்பும் அந்த இழுவிசையால் வருவதுதான். ஆனால் விளிம்பில் ஈரம் பட்டால் படலத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே ஏறிப் பரவிவிடும். உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது.

இந்த வடிவத்துக்கு 1896இல் காப்புரிமை பெற்றது அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்த ‘வைட்ஹெட் அண்ட் ஹோக்’ நிறுவனம். அந்த ஆண்டு அங்கே அதிபர் தேர்தல். மெக்கின்லி முகமும் பிரையன் முகமும் சட்டைகளில் ஏறின. அடுத்து சிகரெட், சூயிங்கம் வாங்கினால் பேஸ்பால் வீரர்களும் சித்திரக்கதைப் பாத்திரங்களும் இலவசம். சேகரிப்பவர்கள் அன்றே பிறந்துவிட்டார்கள்.

என்னைக் கட்டிப்போட்டது அந்தக் காலத்துப் படலம். அது செல்லுலாய்டு, சினிமாச் சுருளுக்குப் பயன்பட்ட அதே பொருள். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, அதோடு கற்பூரம் சேர்த்தால் செல்லுலாய்டு. கற்பூரம் இல்லாவிட்டால் அது வளையாது, நொறுங்கும். நண்பர் ஒருவர் தந்த பழைய பேட்ஜைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனேன். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவைத் திறந்தால் வரும் அதே வாசனை! சேகரிப்பாளர்கள் அசல் செல்லுலாய்டைக் கண்டுபிடிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

சரியாக மூடாத டப்பாவில் கற்பூரம் நாளாக ஆகக் கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லுலாய்டிலிருந்தும் அது அப்படித்தான் மெல்ல வெளியேறுகிறது. கற்பூரம் போகப் போகப் படலம் சுருங்கும், வெடிக்கும். சிதையும் செல்லுலாய்டு அமில ஆவியையும் விடும், தகடு துருப்பிடிக்கும். ஆகவே அதைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கக் கூடாது. குப்பென்று பற்றிக்கொள்ளும் என்பதால் விளக்கருகிலும் வைக்கக் கூடாது.

வாசகியின் பேட்ஜ் இந்தக் காலத்தது. இப்போதைய பேட்ஜ்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம்தான், கற்பூரம் இல்லை. அதன் எதிரி உங்கள் ஊர் உப்புக்காற்று. உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். கறை போகாது, பரவாமல் நிறுத்தலாம். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அது பாலியெஸ்டர் என்பதால் மூடி வைப்பதில் தவறில்லை.

துருவைவிட எனக்கு வருத்தம் தருவது அலட்சியம். மாநாட்டுப் பந்தல் வாசலில் விற்ற உதயசூரியனும் இரட்டை இலையும், முதல் நாள் முதல் காட்சிக்கு ரசிகர் மன்றத்தார் குத்திக்கொண்ட நாயகன் முகமும், பள்ளி விளையாட்டு விழாவின் ‘வாலண்டியர்’ பேட்ஜும் எங்கே போயின? மறுநாளே குப்பைக்கு. புத்தகத்தில் ஏறாத எத்தனையோ பேர், “நானும் அங்கே இருந்தேன்” என்பதற்கு வைத்திருந்த சாட்சி அவை.

உங்கள் ஊர் நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் கல்யாணம் கூடிவர வேண்டி ஒரு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுகிறார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி, கல்யாணமான பிறகு தம்பதியாகக் கொண்டுவருகிறார்கள். பூ சருகாகியிருக்கும், ஆனாலும் யாரும் எறிவதில்லை. அது எந்த நாளின் மாலை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அம்மா, டப்பாவில் ஒரு சீட்டும் வையுங்கள். எந்த ஆண்டு, எந்தப் போட்டி, குத்தியிருந்தவன் எந்த வகுப்பு, யாருடைய ஆட்டத்தை ரசித்தான் என்பதை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். கறை இருந்துவிட்டுப் போகட்டும்.