குழந்தைகளின் மலச்சிக்கல்

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரிடம் ஓடுகிறோம். மலச்சிக்கல் கண்டாலோ தானே சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். அல்லது விளக்கெண்ணெயைப் புகட்டிவிடுகிறோம். இரண்டும் தக்க வழிகள் அல்ல. ஆகவே, நம் அங்கத்தினர் அறிய வேண்டிய சில செய்திகளை இங்கே கூறுகிறோம்.

நாள்தோறும் மலங்கழியாமை மட்டுமே மலச்சிக்கல் ஆகாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும், ஒரு மாதம் கடந்த சிசு சில நாட்களுக்கு ஒரு முறை கழித்தாலும், மலம் இளகியிருந்து எடையும் ஏறிவருமாயின் கவலை வேண்டா. சற்று வளர்ந்த குழந்தை வாரத்திற்கு 2 முறையோ அதற்குக் குறைவாகவோ கழிப்பதும், மலம் இறுகி வலியோடு வெளிப்படுவதுமே மலச்சிக்கலின் அடையாளங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது குடலில் உள்ள நோயால் வருவதன்று, அச்சத்தால் நீடிப்பது. ஒரு முறை வலித்துவிட்டால், அடுத்த முறை குழந்தை மலத்தை அடக்கிக்கொள்கிறது. கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க மூலையில் நிற்கிறது. அது முக்குவதாக நாம் எண்ணுகிறோம், உண்மையில் அடக்குகிறது. பெருங்குடல் நீரை உறிஞ்சுவதால், நீர் வற்றிய களிமண் நிலம்போல், தங்கிய மலம் மேலும் இறுகுகிறது. வலி மிகுகிறது, அச்சமும் வளர்கிறது. பள்ளிக் கழிப்பிடம் தூய்மையற்றிருப்பினும் பிள்ளைகள் மாலைவரை அடக்குவர்.

நாட்பட்டால் மலக்குடல் விரிந்து உணர்ச்சி மழுங்கும். இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிந்து உடையைக் கறைப்படுத்தும். இதை வயிற்றுப்போக்கு என்று மயங்குவோரும், சோம்பல் என்று அடிப்போரும் உண்டு. குழந்தை வேண்டுமென்று செய்வதன்று இது. அடித்தால் அச்சமும் நோயும் மிகுமேயன்றிக் குறையா.

உணவு உண்டபின் குடல் இயல்பாகவே அசையும். ஆதலால் காலையிலும் இரவிலும் உணவுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையை அமரச் செய்ய வேண்டும். பாதங்கள் நன்கு ஊன்றியிருத்தல் அவசியம்; உயரமான இருக்கையாயின் காலடியில் மணை வைக்கலாம். கழித்தால் பாராட்டுங்கள், கழியாவிடில் கடிந்துகொள்ளாதீர்கள். கீரை, பயறு, கேழ்வரகு, கொய்யா, போதிய நீர் ஆகியவற்றைக் கொடுங்கள். பாலையே குடித்துச் சோற்றைத் தள்ளும் பிள்ளைக்குப் பாலைக் குறைக்க வேண்டும்.

நாட்பட்ட சிக்கலுக்கு உணவு மட்டும் போதாது. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ், பாலிஎதிலீன் கிளைக்கால் போன்றவற்றை மருத்துவர் அளவிட்டுத் தருவார். தேங்கியது நீங்கிய பின்னும் குறைந்தது 2 மாதம் மருந்து தொடர வேண்டும். ஒரு வாரத்தில் குணங்கண்டு நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். சிக்கிய நூலை நெசவாளர் வெடுக்கென்று இழுப்பதில்லை, பொறுமையோடு விடுவிக்கிறார். இச்சிக்கலுக்கும் அதுவே வழி.

வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் செலுத்துதல் கூடாது; மென்மையான தசையைப் புண்ணாக்கும்.

பிறந்து 48 மணி நேரத்திற்குள் முதல் மலம் கழியாமை, பச்சை நிற வாந்தி, வயிற்று உப்புசம், எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம், கால்களில் வலுவின்மை ஆகியவற்றுள் ஒன்று காணினும் வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.