வீட்டுப் பூனையிலிருந்து காட்டுப் பூனைக்குத் தொற்றும் நோய்கள்

நெற்களஞ்சியத்தில் எலி பிடிப்பதற்கெனப் பூனை வளர்ப்பது கமக்காரரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். பகலில் மூடைகளின்மேல் உறங்கும் அப்பூனை இரவில் வரம்புவழியே வாய்க்காற்கரைக்கும், அங்கிருந்து பற்றைக்காட்டுக்கும் போய்வரும். காட்டுப் பூனையும் அதே வழியிலேயே எலி தேடித் திரிகின்றது. இவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒன்றைப் பீடிக்கும் வைரசு பெரும்பாலும் மற்றதையும் பீடிக்க வல்லது.

இலங்கையில் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை என நான்கு வகைப் பூனையினங்கள் இயற்கையாக வாழ்கின்றன. மீன்பிடிப் பூனை குளக்கரை, சதுப்பு நிலம், வயலோரம் ஆகியவற்றை விரும்புவது. காட்டுப் பூனையின் இரையில் பெரும்பங்கு எலிகளே. மீன்பிடிப் பூனை சிலவேளை கோழியைக் கவர்வதும் உண்டு. அதனால் அதன்மேல் வெறுப்புக் கொண்டோர் பலர். ஆயினும் ஓராண்டில் இவ்விலங்குகள் உண்ணும் எலிகளோடு ஒப்பிடின் அவ்விழப்பு அற்பமே.

வீட்டுப் பூனையிலிருந்து பரவும் வைரசுகளுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது பார்வோ வைரசு. இது கண்ட பூனை காய்ச்சலுற்று, வாந்தியெடுத்து, கழிந்து, உணவை வெறுத்துக் கிடக்கும். குட்டிகளிற் பெரும்பாலானவை இறந்துவிடும். நோயுற்ற பூனையின் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும் இவ்வைரசு மண்ணிலும் கொட்டிலிலும் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுவரை, அழியாதிருக்கும். எனவே இரு விலங்குகளும் நேரிற் சந்திக்கவேண்டும் என்பதில்லை. ஒன்று கழித்த இடத்தை மற்றது மோந்தாலே போதும். மனிதரின் காலணியிலும் இது ஒட்டிச் செல்லும்.

இரண்டாவது குருதிப் புற்றுநோய் வைரசு. இது வெளியில் நெடுநேரம் உயிர்த்திராது. பெரும்பாலும் உமிழ்நீர் வழியாகப் பரவும். கடித்தல், நக்குதல், ஒரே பாத்திரத்தில் உண்ணல் என்பன அதன் வழிகள். தொற்றிய பூனை பல மாதங்கள் நலமுள்ளதுபோலத் தோன்றிப் பின்னரே மெலிந்து இறக்கும். இதனாலேயே இது கூடுதலான ஏமாற்றுக்குரியது.

அமெரிக்காவின் புளொரிடாவில் வாழும் பந்தர் எனப்படும் பெரும்பூனைகளில், 2002ஆம் ஆண்டு தொடங்கி 2004ஆம் ஆண்டுவரை இவ்வைரசு காணப்பட்டது. அப்போது அங்கு எஞ்சியிருந்தவை ஏறக்குறைய நூறு மட்டுமே. வைரசு குருதியில் நிலைத்த 5 விலங்குகளும் இறந்தன. வைரசின் மரபுக்கூறுகளைச் சோதித்தோர் அது வீட்டுப் பூனையிலிருந்து வந்ததென்று கண்டனர். பந்தர் ஒன்று வீட்டுப் பூனையைக் கொன்று தின்றதனால் அது தொற்றியிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. ஸ்பெயினின் தோஞானாப் பகுதியில் 2007ஆம் ஆண்டில் ஐபீரிய லிங்ஸ் என்னும் அருகிய இனத்தில் 6 விலங்குகள் இதே நோயால் சில மாதங்களுக்குள் மாண்டன. இரு நாடுகளிலும் காட்டு விலங்குகளைப் பிடித்துத் தடுப்பூசி ஏற்றவேண்டியதாயிற்று. வீட்டுப் பூனைக்கு ஊசி ஏற்றுவது அதனிலும் எத்துணை எளிது!

பூனைக்குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரம் ஆனதும் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று பார்வோ வைரசுக்கெதிரான தடுப்பூசியைத் தொடங்குதல் வேண்டும்; அவர் குறிக்கும் நாள்களில் அதனை மீண்டும் ஏற்றுவித்தல் அவசியம். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்குரிய காலத்தையும் அவரிடமே கேட்டறியலாம். கடுவன் பூனைக்கு விதையெடுப்பித்தால் அது அலைந்து திரிந்து சண்டையிடுவது குறையும். எலி பிடிப்பதில் அதனாற் குறைவு நேராது. பெட்டைக்கும் கருத்தடை செய்வித்தால், வேண்டாத குட்டிகளைச் சாக்கிற் கட்டிக் காட்டோரத்தில் விட்டுவரும் தீய வழக்கத்திற்கு இடமிராது. கைவிடப்பட்ட அக்குட்டிகளே நோயைக் காட்டுக்குள் கொண்டுசெல்பவை.

இறந்த பூனையை வாய்க்காலிலோ பற்றையிலோ எறிதல் ஆகாது. கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால் மூன்றடி ஆழக் குழியில் புதைத்தல் வேண்டும். அது கிடந்த இடத்தை முதலிற் சவர்க்காரமிட்டுக் கழுவி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்கிற்கு முப்பத்திரண்டு பங்கு நீர் சேர்த்துத் தெளித்து, பத்து நிமிடமேனும் ஈரமாக விடுதல் வேண்டும். பார்வோ வைரசு சாதாரண சவர்க்காரத்துக்கு மட்டும் அழிவதில்லை.

அறுவடைக் காலத்தில் வயலிலோ வரம்போரப் பற்றையிலோ காட்டுப் பூனைக் குட்டிகள் கிடப்பதுண்டு. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து வீட்டுப் பூனையின் பாத்திரத்திற் பாலூட்டுவது இரக்கமாகத் தோன்றினும் அவற்றுக்கு நோயைக் கொடுப்பதாகவே முடியும். அவ்விடத்தை அன்று அறுக்காது விட்டுவைத்தால் தாய் இரவில் வந்து குட்டிகளைக் கவ்விச் செல்லக்கூடும். மறுநாளும் அவை அங்கேயே கிடப்பின், கையாற் தொடாது வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மையிலுள்ள அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.